நிலைக்கு வராத தேர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதையைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் ஒரு விளையாட்டுச் சீட்டைப் பற்றிப் பேசுவது எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்குரிய விடை எளிது. அந்தச் சீட்டில் இருப்பது ஒரு பெயர், ஒரு படம், இரண்டு விதிகள், இரண்டு எண்கள், கதைத் துணுக்கு ஒன்று, அவ்வளவே. சொற்சுருக்கத்தில் அது குறள்வெண்பாவோடு போட்டியிடக்கூடியது. ஆயினும் அதன் தலைமேல் நிற்கும் ஒற்றைச் சொல்லுக்குள் அறுநூற்றெழுபது ஆண்டு வரலாறு மடிந்து கிடக்கிறது. அவ்வரலாற்றின் முதல் ஏடு வங்கக்கடலின் மேற்குக் கரையில், தமிழ் வழங்கும் நிலத்தில் விரிகிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

1993 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்னும் நிறுவனம் ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் சீட்டு விளையாட்டை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலார். ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகளாகக் கருதப்படுவர். ஒவ்வொருவருக்கும் இருபது உயிர்ப்புள்ளிகள் உண்டு. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்னும் ஐந்து வண்ண மந்திர ஆற்றல்களைக் கொண்டு உயிரிகளை வரவழைத்து எதிரியைத் தாக்குவர். இவ்வைந்து வண்ணங்களுள் எதனையும் சாராமல், எவரும் பயன்படுத்தத்தக்க செய்பொருள்களும் உண்டு. அவற்றுள்ளும் சில, செய்பொருளாகவும் உயிரியாகவும் ஒருங்கே இருப்பவை. கையால் செய்யப்பட்டும் உயிருள்ளவைபோல் இயங்குபவை. முதற்பதிப்பின் 295 சீட்டுகளுள் இத்தகையன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘ஜக்கர்நாட்.’ அதற்குப் படம் வரைந்தவர் டான் ஃப்ரேசியர் என்னும் ஓவியர்.

எவ்வண்ணத்ததாயினும் நான்கு அலகு ஆற்றலைச் செலவிட்டால் ஜக்கர்நாட் களத்திற்கு வரும். அதன் தாக்கும் வலிமை ஐந்து. தாங்கும் வலிமை மூன்று. அதற்கு இரண்டு விதிகள். இயலுமானால் ஒவ்வொரு முறையும் அது தாக்கியே தீரவேண்டும் என்பது ஒன்று. மதில்கள் அதனைத் தடுக்க இயலா என்பது மற்றொன்று. மதில் என்பது இவ்விளையாட்டில் தாக்காது நின்று காக்க மட்டுமே வல்ல உயிரி வகை. விதிகளின்கீழ்க் கதைத் துணுக்கு ஒன்று அச்சாகியிருக்கிறது. குறுகிய வாயுடைய குகைக்குள் சிலர் ஒளிந்திருக்கின்றனர். இவ்வளவு சிறிய வழியில் அது நுழையாது என்று நம்புகின்றனர். அதுவோ தன் மாபெருந் தலையால் மலையையே பிளந்து புதுவழி செய்துகொண்டு வருகிறது.

முதல் விதி ஊன்றி நோக்கத்தக்கது. மற்ற உயிரிகளைத் தாக்க விடுவதும் காவலுக்கு நிறுத்துவதும் ஆடுபவரின் விருப்பம். இதனிடத்தில் அவ்விருப்பம் செல்லாது. தாக்கச் சென்ற உயிரி பக்கவாட்டில் திருப்பி வைக்கப்படும். எதிரியின் அடுத்த முறையில் அது காவல் நிற்க முடியாது. எனவே ஜக்கர்நாட்டை வரவழைத்தவர் தம் வாயிலைத் தாமே திறந்துவைத்தவர் ஆகிறார். குறைந்த செலவில் மிகுந்த வலிமையைப் பெற்றதற்கு அவர் தரும் விலை, நிறுத்தும் உரிமை. விளையாட்டு என்னும் முறையில் இது செம்மையான அமைப்பு. எதிரி சிவப்பு வண்ணத்தின் ஓர் அலகு ஆற்றலைக் கொண்டு எறியும் மின்னற்கணை ஒன்றே மூன்று புள்ளிச் சேதம் விளைத்து அதனை அழித்துவிடும். வலிமையும் வலுவின்மையும் இவ்வாறு அளந்து வைக்கப்பட்டமையால்தான், முதல் மூன்று பதிப்புகளுக்குப்பின் விடப்பட்ட அச்சீட்டு 2004இல் மீண்டும் அச்சேறியது. பிற்காலப் பதிப்புகளில் ‘ஜக்கர்நாட்’ என்பது ஒரு தனிச் சீட்டின் பெயராக மட்டுமன்றி ஓர் உயிரி வகையின் பெயராகவும் ஆயிற்று.

இனிப் பெயருக்கு வருவோம். ஜகத் என்பது உலகம். நாதன் என்பது தலைவன். ஒரிசாவின் பூரி நகரில் எழுந்தருளியிருக்கும் ஜகந்நாதனே ஆங்கிலத்தில் ‘ஜக்கர்நாட்’ ஆனான். இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணியில் ஆதிஜெகந்நாதப் பெருமாளாக எழுந்தருளியிருப்பவனும் அவனே. செகநாதன், ஜெகநாதன் என்று பெயர் தாங்கியோர் தமிழகத்திலும் ஈழத்திலும் எண்ணிலர். உலகைக் காப்பவன் என்று பொருள்படும் சொல், கண்ணில் பட்டதையெல்லாம் நசுக்கும் பொறி என்னும் பொருளை அடைந்தது எவ்வாறு?

இத்தாலியின் போர்தெனோனே என்னும் ஊரினரான ஓதோரிக் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியா வழியாகச் சீனம் வரை சென்று மீண்டார். 1330 மே மாதம் பாதுவா நகரில் தம் பயணக் கதையைச் சொல்லி எழுதுவித்தார். அதில் பொன்னால் ஆன பெரிய திருவுருவம் ஒன்றைப் பற்றிய செய்தி வருகிறது. ஆண்டுதோறும் அதனைத் தேரில் ஏற்றி இழுப்பர். அடியார்கள் தாமே சென்று சக்கரங்களின்கீழ் விழுந்து மாய்வர். ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் இவ்வாறு இறப்பர் என்பது அவர் கூற்று. ஐரோப்பியர் மனத்தில் பதிந்த தேர்ச்சக்கரச் சாவு என்னும் படிமத்திற்கு இதுவே மூலம்.

ஆனால் ஓதோரிக் அதனைப் பூரியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் குறிக்கும் நாட்டின் பெயர் ‘மொபார்.’ புனித தோமாவின் உடல் அடக்கம் பெற்ற நாடு என்று அவரே அடையாளமும் தருகிறார். அரபு வணிகர் ‘மஅபர்’ என்று வழங்கிய சோழமண்டலக் கரையே அது. அதாவது, தமிழ் நிலத்துத் தேர் ஒன்றைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை பிற்காலத்தில் ஒரிசாவின் தெய்வத்தின்மேல் ஏற்றப்பட்டது. ஹென்றி யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஜக்கர்நாட் என்னும் சொல்லுக்கு ஓதோரிக்கின் இப்பகுதியே முதற் சான்றாகத் தரப்பட்டிருக்கிறது. சோழமண்டலக் கரைக் கதை பூரியின் பெயருக்குச் சான்றாக நிற்பதை அவ்வகராதியில் இன்றும் காணலாம்.

கதை பிறந்த பின் பெயர் வந்தது. 1633இல் ஒரிசா சென்ற வில்லியம் புரூட்டன் என்னும் ஆங்கிலேயரின் குறிப்பு 1638இல் அச்சாகிப் பூரித் தெய்வத்தின் பெயரை ஆங்கிலத்திற்குக் கொண்டு சேர்த்தது. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி பூரியைக் கைப்பற்றியது. 1806 முதல் 1840 வரை யாத்திரிகரிடம் வரியும் தண்டியது. அந்த 1806ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூரிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார், ஜகந்நாதனை மனிதப் பலி கொள்ளும் மோளோக்கு என்னும் விவிலியத் தெய்வத்தோடு ஒப்பிட்டு எழுதினார். இந்தியாவில் சமயப் பரப்புநர்க்கு இடம் தரவேண்டும் என்று வாதிட்டவர் அவர். அவருடைய நூல் 1811இல் வெளிவந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவலாகப் படிக்கப்பட்டது. சமயப் பரப்புநர்க்கு வழிதிறந்த பட்டயச் சட்டம் 1813இல் நிறைவேறியது. படிமங்கள் காற்றில் பரவுவதில்லை; அவற்றைச் சுமந்து செல்வோர்க்கு நோக்கங்கள் உண்டு.

மறுத்துச் சொன்னவர்களும் ஆங்கிலேயருள் இருந்தனர். ஒரிசாவில் அலுவல் பார்த்த ஆண்ட்ரூ ஸ்டெர்லிங் 1825இல் வெளிவந்த தம் கட்டுரையில் தெளிவாக எழுதினார். நான்கு ஆண்டுகள் தேர்விழாவைக் கண்டதில் சக்கரத்தில் சிக்கி மாண்டவர் மூவரே. அவற்றுள் ஒன்று விபத்தாக இருக்கக்கூடும். மற்ற இருவரும் பொறுக்கவொண்ணா நோயால் நெடுநாள் வருந்தியவர்கள் என்பது அவர் சான்று. 1872இல் ஒரிசாவைப் பற்றி விரிவாக எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சாவுகளுட் பெரும்பாலானவை நெரிசலில் நேர்ந்த விபத்துகளே என்றும், உயிர்ப்பலி திருமால் வழிபாட்டின் இயல்புக்கே முரணானது என்றும் காட்டினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. பெயர் உவமையாகி விட்டது.

1847இல் வெளிவந்த சார்லட் புரோன்டியின் ‘ஜேன் அயர்’ புதினத்தில், ஓர் அனாதைச் சிறுமியை இழித்துரைக்கும் பள்ளி ஆட்சியாளர், ஜக்கர்நாட்டின்முன் மண்டியிடும் அயல்சமயக் குழந்தையினும் இவள் கீழானவள் என்கிறார். 1867இல் காரல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், தொழிலாளியின் மனைவியும் மக்களும் மூலதனம் என்னும் ஜக்கர்நாட்டின் சக்கரத்தின்கீழ் இழுக்கப்படுவதாக எழுதுகிறார். 1886இல் ஸ்டீவன்சன், தெருவில் ஒரு சிறுமியை மிதித்துச் செல்லும் ஹைடு என்பவனைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் பெரிய சரக்கு லாரிகளுக்கு இதுவே பெயராயிற்று. 1965இல் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் தடுக்கமுடியாத வல்லான் ஒருவன் இப்பெயருடன் தோன்றினான். வரிசையை நோக்கினால் ஒன்று விளங்கும். முதலில் தெய்வம் இருந்தது. பின் தெய்வம் மறைந்து தேர் நின்றது. பின் தேரும் மறைந்து சக்கரம் நின்றது. இறுதியில் சக்கரமும் மறைந்து நசுக்குதல் என்னும் வினை மட்டுமே நின்றது.

1993இல் சீட்டை வடிவமைத்தவர்களுக்குக் கிடைத்தது அந்த வினை மட்டுமே. அவர்களுக்குத் தீய நோக்கம் இருந்ததாகக் கூறுவதற்கில்லை. ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லை ஆங்கிலத்தார் எடுத்தாண்டனர். ஆனால் உவமை விதியாக மாறும்போது ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்கிறது. உவமையை மறுக்கலாம், கவிஞர் மிகைப்படுத்துகிறார் என்று ஒதுக்கலாம். விதியை மறுக்க இயலாது. இயலுமானால் ஒவ்வொரு முறையும் தாக்கியே தீரவேண்டும் என்று அச்சானபின், அப்பெயருடையது நிற்கவே நிற்காது என்பது அவ்வுலகின் இயற்கை ஆகிவிடுகிறது. அதே பதிப்பில் ‘ஒப்சியானஸ் கோலம்’ என்று ஒரு செய்பொருள் உயிரியும் உண்டு. கோலம் என்பது யூத மரபில் மண்ணால் பிசைந்து உயிரூட்டப்பட்ட ஏவலாள். அப்பெயர் யூதர் தாமே சொன்ன கதையோடு வந்து சேர்ந்தது. ஜக்கர்நாட் என்னும் பெயரோடு வந்தது ஒடியர் சொன்ன கதை அன்று. ஒடியரைப் பற்றிப் பிறர் சொன்ன கதை.

ஒடியர் சொல்லும் கதை வேறு. பூரியில் தேர்கள் மூன்று. ஜகந்நாதனின் நந்திகோஷத்திற்குப் பதினாறு சக்கரங்கள், பலபத்திரனின் தாளத்துவஜத்திற்குப் பதினான்கு, சுபத்திரையின் தர்ப்பதளனத்திற்குப் பன்னிரண்டு. இவை ஆண்டுதோறும் அட்சய திருதியையன்று தொடங்கிப் புது மரத்தால் செய்யப்படுகின்றன. புறப்படுமுன் கஜபதி மன்னர் மரபினர் பொன் துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குவர்; ஆள்பவனும் ஏவலனே என்பது அதன் கருத்து. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள குண்டிசா கோயிலுக்குத் தேர்கள் செல்வது மக்கள் வடம் பிடித்து இழுப்பதனால்தான். அத்தேருக்குத் தனியாற்றல் ஏதுமில்லை. இழுப்பவர் கை தளர்ந்தால் அது நின்றுவிடும்.

கவிஞர்கள் கேட்க வேண்டிய கதை இனி வருவது. பதினேழாம் நூற்றாண்டில் சாலபேகர் என்றொரு கவிஞர் இருந்தார். முகலாய அதிகாரி ஒருவரின் மகன், முஸ்லிம். ஒடிய மொழியில் ஜகந்நாதனைப் பாடியவர். கோயிலுக்குள் அவருக்கு நுழைவில்லை. தேரில் வெளிவரும் நாளில் மட்டுமே அவர் கண்ணாரக் காண முடியும். ஓராண்டு தொலைவில் நோயுற்றுக் கிடந்த அவர், தாம் வந்து சேரும்வரை காத்திருக்குமாறு வேண்டினார். பெருந்தெருவின் நடுவே தேர் நின்றுவிட்டது. எத்தனை பேர் இழுத்தும் அசையவில்லை. அவர் வந்து கண்டபின்னரே நகர்ந்தது என்பது மரபு. அவர் அடக்கமான இடம் அத்தெருவிலேயே உள்ளது. இன்றும் நந்திகோஷம் ஆண்டுதோறும் அவ்விடத்தில் சற்றே நின்றுதான் செல்கிறது.

உள்ளே விடப்படாத ஒரு கவிஞனுக்காக நின்ற தேர் ஒடியரின் தேர். யாருக்காகவும் நிற்காத பொறி சீட்டின் ஜக்கர்நாட். இரண்டிற்கும் பெயர் ஒன்றே.

தமிழ் இதில் எங்கே நிற்கிறது? ஓதோரிக்கின் கதைக்குக் களமான நிலத்தின் மொழியில் தேர் தொடர்பான சொற்கள் எவ்வாறு பொருள் பெற்றன என்று பார்த்தால், அவை நசுக்குதலை நோக்கிச் செல்லவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது கூட்டு முயற்சிக்குப் பெயர். தேர் நிலைக்கு வந்தது என்பது தொடங்கிய பணி இனிது முடிந்தது என்று பொருள்படும். வடம், நிலை, முட்டுக்கட்டை என்று இழுப்பதற்கும் நிறுத்துவதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது. அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களோடு நீரழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் செய்து பொருத்தியது. தேரைப் பற்றிய தமிழர் கவலையில் நிறுத்துவதற்கு எப்போதும் இடம் உண்டு.

இதனால் தமிழ் குற்றமற்றது என்று பெருமை கொள்வதற்கில்லை. முட்டுக்கட்டை என்னும் சொல்லையே நோக்குக. சக்கரத்தின் அருகிலேயே நடந்து, உயிரைப் பணயம் வைத்து, உரிய கணத்தில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்பவரின் கருவி அது. பிறர் உயிரைக் காப்பதும் அதுவே. தமிழில் அதன் வழக்குப் பொருளோ நல்ல காரியத்திற்கு இடையூறு என்பது. காக்கும் தெய்வத்தின் பெயரை ஆங்கிலம் நசுக்கும் பொறிக்குச் சூட்டியது. காக்கும் கட்டையின் பெயரைத் தமிழ் கெடுப்பவனுக்குச் சூட்டியது. அவ்வாறே, ஊர் கூடி என்னும் தொடரில் ஊர் என்பது யார் யார் என்னும் கேள்வியும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை ஒடுக்கப்பட்டோர்க்கு மறுக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றம் ஏறியதைத் தமிழ்நாடு அறியும். சாலபேகருக்காக நின்ற தேரின் கோயிலிலும் இந்து அல்லாதார்க்கு இன்றும் நுழைவில்லை.

தேரடியில் சாவே நேர்வதில்லை என்று சொல்வதும் பொய்யாகும். 2022 ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் மாண்டனர். 2025 ஜூனில் பூரியில் குண்டிசா கோயிலின் அருகே நெரிசலில் மூவர் உயிரிழந்தனர். இவர்களுள் ஒருவரும் சாவை விரும்பி வந்தவர் அல்லர். கும்பிடவும் வடம் பிடிக்கவும் வந்தவர்கள். கம்பி தாழ்ந்திருந்தது, கூட்டம் மிகுந்திருந்தது. ஓதோரிக்கின் கதை இறந்தோர்க்குச் செய்யும் தீங்கு இங்கேதான் இருக்கிறது. விபத்தில் மாண்டவனைத் தானே விழுந்தவன் என்று சொல்லிவிட்டால், கம்பியை உயர்த்த வேண்டியவருக்கும் கூட்டத்தை ஒழுங்குசெய்ய வேண்டியவருக்கும் பொறுப்பு இல்லாமற் போகிறது. சாவு, மடமையின் கூலி ஆகிவிடுகிறது. ஸ்டெர்லிங் எண்ணிய மூன்று என்னும் சிற்றெண் அதனால்தான் பெறுமதி உடையது. அவர் இறந்தவர்களை எண்ணினார். ஒவ்வொருவரும் எதனால் இறந்தார் என்றும் கேட்டார்.

அச்சீட்டைத் தடைசெய்ய வேண்டும் என்றோ, ஆங்கிலம் அச்சொல்லைத் திருப்பித்தர வேண்டும் என்றோ கோருவதனால் பயனில்லை. வழக்கில் ஊன்றிய சொல்லை ஆணையால் பிடுங்க முடியாது. சிறார் மகிழ்ந்து ஆடும் ஆட்டத்தின்மேல் சினங்கொள்வதும் வீண். இங்கு வேண்டப்படுவது கவிஞர்களுக்கு உரியது. ஓர் உவமையைக் கையாளும்போது அது யாருடைய கண்ணால் கண்ட செய்தி, யாருடைய சாவின்மேல் கட்டப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதே அது. பிற நாட்டாரைப் பற்றித் தமிழில் வழங்கும் உவமைகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். காட்டுமிராண்டி என்றும் நாடோடி என்றும் தமிழ்க் கவிதை எளிதாக எறிந்த சொற்களின்கீழும் மனிதர் இருக்கின்றனர்.

சீட்டின் ஜக்கர்நாட்டிற்கு நிலை இல்லை; திரும்பி வந்து நிற்கும் இடத்தை அதன் விதி வகுக்கவில்லை. சொல்லுக்கும் அந்நிலை நேராமல் காப்பது அதனை ஆள்வோரின் கடமை. உரிய இடத்தில் கட்டை போடத் தெரிந்தவரும் தேர் இழுப்பவரே. பத்தாண்டுகளாகக் கவிதைகளை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, இச்சொல் பொருந்துமா என்று இடைமறித்து வினவும் வழக்கத்தை இவ்வட்டம் பேணி வந்திருக்கிறது. அந்த முட்டுக்கட்டை வரும் ஆண்டுகளிலும் தவறாது விழுமாக.